நாளைய லாரியும் நம் தர்ப்பூசணியும்: செங்கல்பட்டு விவசாயிகள் இப்போதே கவனிக்க வேண்டியவை

மார்கழி, தை மாதங்களில் மதுராந்தகம், சித்தாமூர், லத்தூர், செய்யூர் பக்கம் தர்ப்பூசணி விதைத்தவர்கள், மாசி பங்குனி வந்தால் லாரியை எதிர்பார்த்து ரோட்டோரம் நிற்பார்கள். கோயம்பேட்டுக்குப் போகும் காய்க்குக் குட்டி யானையோ பிக்கப்போ போதும். பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போகும் காய்க்கு ஆறு சக்கர, பத்து சக்கர லாரி வேண்டும். வியாபாரி வயலில் நின்று விலை சொல்லும்போதே லாரி வாடகை, ஏற்றுக்கூலி, வழியில் உடையப் போகும் காய் எல்லாவற்றையும் மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் சொல்கிறார். நீங்கள் வாழ்நாளில் ஒரு லாரிகூட வாடகைக்குப் பேசாதவராக இருக்கலாம். ஆனாலும் அந்த லாரிக்கு என்ன ஆகிறதோ அது உங்கள் கிலோ விலையில் வந்து உட்காரும்.

அந்த லாரி இப்போது வேகமாக மாறுகிறது. 2025 ஜூலையில் மின்சார லாரிகளுக்கு மத்திய அரசு மானியம் அறிவித்தது. செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது (நம் ஜி.எஸ்.டி. ரோடு வேறு, இது வரி). அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். இன்னொரு பக்கம், எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டருக்கு சென்னை எல்லைச் சாலை வருகிறது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மாமல்லபுரம் வரும் பகுதிதான் அதன் கடைசிப் பிரிவு. இதுவரை ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே போய்வந்த பெரிய வண்டிகளுக்குக் கடலோரம் வரை வழி திறக்கப் போகிறது.

இதனால் நம் வாடகை கூடுமா, குறையுமா? கேள்விப்படும் செய்திகளில் எது நமக்கானது, எது நமக்கு இப்போதைக்கு ஆகாதது?

முதலில் டீசல் கணக்கு

ஓரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் தயாராகின்றன. செங்கல்பட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நம் வயலோரம் வந்து நிற்பது பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடி, இரண்டு மூன்று கை மாறிய வண்டிதான். புது லாரி முதலில் தொழிற்சாலைச் சரக்குக்கும் கன்டெய்னருக்கும் போகும். பழசான பிறகுதான் காய்கறிக்கும் சவுக்குக்கும் கரும்புக்கும் வரும். ஆகவே இன்று ஓரகடத்தில் உருளும் தொழில்நுட்பம் நம் வரப்புக்கு வர இன்னும் பல வருடம் ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து பெங்களூருக்குப் போகவர சுமார் 660 கிலோமீட்டர். பத்து சக்கர லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 165 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஏறத்தாழ 15,200 ரூபாய். 18 டன் காய் ஏற்றினால் கிலோவுக்கு 84 காசு டீசலுக்கு மட்டும் போகிறது.

புது எஞ்சின், காற்றைக் கிழித்துப் போகும்படி வளைத்துச் செய்த கேபின், நல்ல ரேடியல் டயர் எல்லாம் சேர்ந்து பத்து சதவீதம் மைலேஜ் கூட்டித் தந்தால், மிச்சம் 15 லிட்டர். கிலோவுக்கு 8 காசுக்குக் கீழ். அதே லாரிக்குப் பெங்களூரிலிருந்து திரும்பி வர லோடு கிடைத்தால், உங்கள் காய்மேல் விழுவது ஒரு வழி டீசல் மட்டும். கிலோவுக்கு 42 காசு மிச்சம். புது எஞ்சின் தருவதைப்போல ஐந்து மடங்கு. வெளிமாநில லாரிகள் ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்காகக் காத்து நிற்கின்றன. புக்கிங் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்த வண்டியைக் குறைந்த வாடகைக்குப் பிடிக்கலாம். செல்போனில் வாடகை பேசும் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் லோடு எந்தத் தேதியில் தயார் என்று இரண்டு நாள் முன்பே உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் இது ஆகும். அறுத்துப் போட்டுவிட்டு லாரி தேடினால் கிடைக்கிற வாடகைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மின்சார லாரி எதுவரை வரும்?

அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 2017ல் மின்சாரக் கனரக லாரியைக் காட்டியது. முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2022 டிசம்பரில். ஐந்து வருடம். அறிவிப்புக்கும் வண்டிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைச் சொல்கிறேன். நம் நாட்டில் டாடா, அசோக் லேலண்ட் இரண்டும் 55 டன் மின்சார டிராக்டர் டிரெய்லர்களைச் செய்துவிட்டன.

சிக்கல் பேட்டரியின் எடையில் இருக்கிறது. 55 டன் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் தின்னும். 200 கிலோமீட்டர் போக 300 யூனிட் பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரி மட்டும் சுமார் 2 டன். அனுமதித்த மொத்த எடைக்குள் அந்த 2 டன்னும் அடங்க வேண்டும் என்பதால் ஏற்றும் சரக்கு அந்த அளவுக்குக் குறையும். பெங்களூர் போய்ச் சேர வழியில் ஓரிடத்திலாவது சார்ஜ் ஏற்ற வேண்டும்.

இன்னொரு பக்கம், செலவு குறைவுதான். யூனிட் 12 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். அதே அளவு டீசல் டிரெய்லர் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் போனால் கிலோமீட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல். ஆனால் வண்டியின் விலை டீசல் லாரியைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கென ஒதுக்கியது 500 கோடி ரூபாய். ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம். ஏறத்தாழ 5,600 லாரிகளுக்குத்தான் வரும். அதையும் பழைய லாரியை உடைத்த சான்றிதழ் காட்டினால்தான் வாங்க முடியும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியை முதலாளி ஒரு நாள்கூடச் சும்மா நிறுத்த மாட்டார். தினமும் ஒரே வழியில், ஒரே நேரத்தில், வருடம் முழுக்க லோடு தருகிற தொழிற்சாலைக்குத்தான் ஓட்டுவார். மூன்று மாதம் மட்டும் வரும் தர்ப்பூசணிக்கு வரமாட்டார். என் கணிப்பில் நம் விளைபொருளுக்கு மின்சாரம் நேரெதிர் திசையிலிருந்து வரும். வயலிலிருந்து ரோட்டுக்கும், ரோட்டிலிருந்து கோயம்பேட்டுக்கும் போகும் சின்ன வண்டிதான் முதலில் மாறும். போகவர 120, 150 கிலோமீட்டர். இரவு இறக்கிவிட்டு வந்து வீட்டில் சார்ஜ் போடலாம். சரக்கு ஆட்டோ, சின்ன டெம்போ வாங்க யோசிக்கிற இளைஞர்கள் இந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்க்கலாம். வண்டி எத்தனை கிலோமீட்டர் போகும் என்று விளம்பரம் சொல்வதை நம்பாதீர்கள். முழு லோடோடு, மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவரைக் கேளுங்கள்.

ஹைட்ரஜன் லாரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் 2023 பிப்ரவரியில் ஹைட்ரஜனை எரித்து ஓடும் லாரியைக் காட்டின. டாடா நிறுவனம் 2025 மார்ச்சில் 16 லாரிகளைச் சோதனை ஓட்டத்துக்கு விட்டது. ஜெர்மனியில் டைம்லர் லாரி ஒன்று 2023ல் ஒரே நிரப்பலில் 1,047 கிலோமீட்டர் ஓடியது. எல்லாம் உண்மை. ஆனால் ஹைட்ரஜன் நிரப்பும் பங்க் நம் ரோட்டில் வரும்வரை அது நமக்குச் செய்தி மட்டும்தான். மைனஸ் 162 டிகிரி குளிரில் திரவமாக வைத்திருக்கும் எல்.என்.ஜி. எரிவாயு லாரி அதற்கு முன்பே வரலாம். எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம் 2019 முதல் இருக்கிறது.

லாரியில் ஓடும் யூரியா

இது பலருக்குத் தெரியாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 டீசல் லாரிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது யூரியாக் கரைசல். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த நீர். அந்தக் கரைசல் புகைக்குழாயில் அம்மோனியாவாக மாறி, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கிறது. டீசலில் சுமார் 5 சதவீதம் அளவுக்கு இது செலவாகும். மேலே சொன்ன பெங்களூர் பயணத்துக்கு 8 லிட்டர். அதில் கரைந்திருப்பது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான யூரியா.

ஒரு லாரிக்கு மூன்று கிலோ என்றால் பெரிதில்லை. நாடு முழுக்க ஓடும் லாரிகளைச் சேர்த்துப் பாருங்கள். இதற்கென்று தொழிற்சாலைத் தர யூரியா தனியாக இருக்கிறது, மானியம் கிடையாது, விலை அதிகம். நமக்குக் கிடைப்பது 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த ஒரு மூட்டையில் 125 லிட்டருக்கு மேல் கரைசல் கலக்கலாம். ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரியும். விவசாய யூரியா தொழிற்சாலைகளுக்குத் திருப்பி விடப்படுவதைத் தடுக்கத்தான் 2015ல் முழு யூரியாவுக்கும் வேப்ப எண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. சம்பா மேலுரம் போடும் நேரத்தில் யூரியா இல்லை என்று கூட்டுறவுச் சங்கத்தில் கைவிரிக்கும்போது, காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

உங்கள் சிட்டாவைக் காட்டி யாராவது மூட்டை கேட்டால் கொடுக்காதீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றம், மாட்டுவது உங்கள் பெயர். சொந்த லாரி, பி.எஸ்-6 பிக்கப் வைத்திருப்பவர்களும் மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றிப் பார்க்க வேண்டாம். விவசாய யூரியாவில் பையூரெட் 1.5 சதவீதம் வரை இருக்கலாம். லாரிக் கரைசலில் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேப்ப எண்ணெயும் சேர்ந்து ஊசித் துளையை அடைத்து, புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு பல மூட்டைகளின் விலை. முழு மின்சார லாரி பெருகினால் இந்தத் தேவை தானாகக் குறையும். மின்சார லாரியால் விவசாயிக்கு நேரடியாகக் கிடைக்கும் நன்மை என்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குலுக்கல்தான் பெரிய நஷ்டம்

மறுபடி கணக்குக்கு வருவோம். 18 டன் லோடில் 5 சதவீதம் உடைந்தாலோ அடிபட்டாலோ 900 கிலோ போயிற்று. வயல் விலை கிலோ 8 ரூபாய் என்றால் 7,200 ரூபாய். கிலோவுக்கு 40 காசு. சேதாரத்தை 2 சதவீதமாகக் குறைத்தால் 4,300 ரூபாய் மிஞ்சும். பத்து சதவீத மைலேஜ் தரும் 1,400 ரூபாயைவிட மூன்று மடங்கு. லாரி எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பதைவிட அது எப்படிக் குலுங்குகிறது என்பதுதான் நமக்குப் பெரிய விஷயம்.

நம் லாரிகளில் இன்னும் இருப்பது பட்டை ஸ்பிரிங். முழு லோடு தாங்குவதற்காகச் செய்தது. லோடு குறைவாக இருக்கும்போது விறைத்து நின்று, ஒவ்வொரு பள்ளத்தையும் அப்படியே காய்க்கு அனுப்பும். காற்றுப் பை வைத்த ஏர் சஸ்பென்ஷன் அந்த அதிர்வை வெகுவாகக் குறைக்கிறது. சொகுசுப் பேருந்துகளில் நீங்கள் பார்த்ததுதான். வெளிநாடுகளில் பழம், முட்டை, கண்ணாடி ஏற்றும் லாரிகளில் வழக்கமாகிவிட்டது. நம் ஊர் லாரிகளுக்கு மெதுவாகத்தான் வரும், காரணம் விலையும் ஓவர்லோடும். அதிக எடை ஏற்றி ஓட்டுகிறவருக்குக் காற்றுப் பை தாங்காது என்ற பயம் நியாயமானதே. 2018 ஜூலையில் ஆறு சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், பத்து சக்கரத்துக்கு 25லிருந்து 28.5 டன்னாகவும் உயர்ந்தது. அதற்கு மேலும் ஏற்றினால் வாடகை மிச்சம் என்று தோன்றும். அடி வரிசைக் காய் கதை சொல்லும்.

அந்த லாரி வரும்வரை கையில் இருக்கிற லாரியில் செய்யக்கூடியவை உண்டு. விடியற்காலையில் தர்ப்பூசணியை அறுக்காதீர்கள். அப்போது காய்க்குள் நீர் அழுத்தம் அதிகம், லேசான தட்டுக்கே வெடிக்கும். பனி காய்ந்தபின் அறுத்து, நிழலில் ஆறவிட்டு, மாலையில் ஏற்றுங்கள். லாரித் தளத்தில் அரையடி வைக்கோல் போடுங்கள், பக்கப் பலகைகளுக்கும் காய்க்கும் நடுவிலும் வையுங்கள். பலரும் கீழே போடுவதோடு விட்டுவிடுகிறார்கள். அதிர்வு அதிகம் விழுவது பின்பக்கம், பின் அச்சுக்கு அப்பால். அங்கே தோல் தடித்த ரகத்தையும் நன்கு முற்றிய உறுதியான காயையும் வையுங்கள், மெல்லிய தோல் காயை நடுவில் வையுங்கள். ஏற்றுபவர்கள் காய் மேல் ஏறி நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை, கூலி நாம் கொடுத்தாலும் வியாபாரி கொடுத்தாலும்.

குளிர்சாதன லாரி பற்றி ஒரு வார்த்தை. கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் மீனுக்கு ஐஸும் பெட்டி வண்டியும் பழகிவிட்டது. அதே வண்டியில் கத்தரியும் தர்ப்பூசணியும் சேர்த்து ஏற்றலாமே என்று கேட்கிறார்கள். மீனுக்கு 0 டிகிரி பக்கம் வேண்டும். தர்ப்பூசணியும் கத்தரியும் 10 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் கிடந்தால் தோலில் குழி விழுந்து, வெளியே எடுத்ததும் அழுகும். தவிர, குளிர் லாரி குளிர்ச்சியைக் காப்பாற்றும், சூடான காயை அதனால் சட்டென்று குளிர்விக்க முடியாது. முன்குளிர்விப்பு அறை இல்லாமல் குளிர் லாரி வாடகைக்குப் பிடிப்பது பணத்தை டீசலாக எரிப்பது.

வண்டி நீளுகிறது, ஊர் ரோடு நீளவில்லை

எனக்குக் கவலை தருவது இது. நாளைய நெடுந்தூர லாரி நீளமானது, கனமானது, தரையோடு தாழ்ந்தது. டிரெய்லர் என்றால் 15 மீட்டருக்கு மேல். கூவத்தூரிலோ கடப்பாக்கத்திலோ ஏரிக்கரை ரோட்டில் அது திரும்ப முடியாது. டன்னுக்கு வாடகை மலிவாவது அந்தப் பெரிய வண்டியில்தான். அது எல்லைச் சாலையிலும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் நான்கு வழியாகிவரும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நிற்கும். யார் அதன் பக்கத்தில் ஒரே இடத்தில் 20, 25 டன் காயைச் சேர்த்து வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வாடகை. தனியாக இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பழைய லாரியையும் அதன் கூடுதல் வாடகையையும் சுமப்பார். நாமே ஒரு சேகரிப்பு இடம் வைக்காவிட்டால் அதை வியாபாரி வைப்பார். விலையும் அங்கேதான் முடிவாகும். சவுக்கு போட்டவர்களுக்கும் இதே கதைதான். கரூர் காகித ஆலை வரை கட்டை போகும் தூரத்தில் டன்னுக்கு வாடகைதான் வெட்டு விலையைத் தீர்மானிக்கிறது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். டிரெய்லர் உள்ளே வந்து திரும்பக்கூடிய அரை ஏக்கர் கெட்டித் தரை, நிழல் கொட்டகை, எடை மேடை, லாரித் தளத்தின் உயரத்துக்கு ஒரு மேடை. ஆரம்பத்துக்கு இவ்வளவே போதும். வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. தரம் பிரிக்கும் கூடம், சிப்பம் கட்டும் கூடம், குளிர்பதனக் கிடங்கு இவற்றுக்குப் பெறலாம். இந்த ஆண்டுக்கான விதிகளை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் பார்ப்பதை எல்லைச் சாலை திறந்தபின் தொடங்கினால் விலை எட்டாது.

டிரைவரும் தானே பிடிக்கும் பிரேக்கும்

ஏ.சி. கேபினைப் பற்றிச் சிலர் முணுமுணுக்கிறார்கள், வாடகை ஏறுமே என்று. சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவர் கையில்தான் உங்கள் லோடு இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு இளைஞர்கள் வர மறுக்கிறார்கள். அவர்களை வரவைக்க இதுகூடச் செய்யாவிட்டால் லாரி இருந்தும் ஓட்ட ஆளிருக்காது.

ஆளே இல்லாத லாரி? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2025ல் டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே ஓட்டுநர் இல்லாமல் சரக்கு லாரி ஓடத் தொடங்கியது. சில வாரங்களில், லாரி தயாரித்த நிறுவனம் கேட்டதால், மறுபடி ஒரு ஆளை இருக்கையில் உட்கார வைத்தார்கள். நம் ரோட்டில் மாடு, ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் இருக்க, அந்தப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். ஆனால் முன்னால் தடை இருந்தால் தானே பிரேக் பிடிப்பது, டிரைவர் கண் அசந்தால் ஒலி எழுப்புவது போன்ற கருவிகளைப் பெரிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்க மத்திய அரசு 2025ல் வரைவு விதி வெளியிட்டது. இது வந்தே தீரும். அந்தக் கருவியை நம்பி நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது. கரும்பு, வைக்கோல் ஏற்றி இரவில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும் டிராக்டர் டிரெய்லர்களில் பாதிக்குப் பின்விளக்கு இல்லை. சிவப்பு ஒளிபிரதிபலிப்பு ஸ்டிக்கரை இன்றே பின்பக்கம் ஒட்டுங்கள். கரும்பு டிரெய்லரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் கடைசிக் கட்டில் ஒரு விளக்கு கட்டுங்கள்.

கடைசியாக, புது லாரிகள் எல்லாம் பதிவு செய்கின்றன. எங்கே நின்றது, எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகம் என்று எல்லாம் முதலாளியின் போனுக்குப் போகிறது. குளிர் வண்டி என்றால் உள்ளே எத்தனை டிகிரி என்பதும் சேரும். இந்தத் தகவல் நமக்கும் உதவும், நமக்கு எதிராகவும் திரும்பும். "காய் வெந்துபோய் வந்தது, டன்னுக்கு இவ்வளவு கழிவு" என்று வியாபாரி சொல்லும்போது, லாரி ஆறு மணி நேரம் வெயிலில் நின்றதா என்று பார்க்கலாம். அதேபோல வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை என்று பதிவு சொன்னால், காய் வயலிலேயே முற்றிப்போனது என்று நம் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஆகவே லோடு கிளம்பும்போது எடைச் சீட்டு, வண்டி எண், கிளம்பிய மணி, நான்கு மூலைகளில் இருந்தும் காயின் போட்டோ இவற்றை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, கழிவு இரண்டையும் ஏற்றுவதற்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வியாபாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.